தங்கைக்காக எட்டுக் கிலோ

மைதானத்தின் மூன்றாவது சுற்றில் என் தொப்பை எனக்கு ஓரடி முன்னால் போகிறது, நான் அதன் பின்னால் ஓடுகிறேன், ஓட்டமா அது, உருண்டு போனேன் என்பதுதான் நியாயம், கனவிலும் இப்படித்தான் வருகிறது, விடிந்தும் விடியாத வானம், ஈரப் புழுதி, கைப்பேசியில் கயலின் குரல், அண்ணே, மூச்சு மட்டும்தான் வாங்குது, காலு நடக்கலியே, நின்னுக்கிட்டுத்தானே பேசுற, அடிப்பாவி, எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ. என் தங்கை அங்கயற்கண்ணி, எங்களுக்குக் கயல், முப்பத்தாறு வயதில் ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள், என் ஈரலில் பாதியை வைத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர், முழுசாவே எடுத்துக்கங்க சார் என்று நான் அழுதேன், அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உங்க ஈரல்ல இவ்வளவு கொழுப்பை வச்சுக்கிட்டு வெட்ட முடியாது, ரெண்டு மாசத்துல எட்டுக் கிலோ குறைச்சிட்டு வாங்க, அதுக்கு மேல அவங்க தாங்க மாட்டாங்க என்றார்.

முதல் வாரம் என்ன வேகம், தங்கச்சிக்காக மலையையே புரட்டுவேன் என்கிற வேகம், பத்தாம் நாள் அலாரம் அடிக்கிறது, வெளியே தூறல், போர்வைக்குள் கிடந்தபடி அவள் முகத்தை நினைக்கிறேன், அழுகை வருகிறது, எழுந்திருக்க வரவில்லை, பாசத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, அந்தப் பாசத்தோடேயே தூங்கிப்போனேன், வெட்கங்கெட்டவன். நடந்த நாள்களில் கதை வேறு, மைதானத்து ஆட்கள் நடையை முடித்ததும் வாசல் கடையில்தான் கூடுவார்கள், கூட நடக்கும் சோலைராஜன் சார் தட்டை நீட்டுவார், எடுங்க தம்பி, இவ்வளவு நடந்த உடம்புக்கு ரெண்டு வடை என்ன பண்ணிரும், நெய் மிதக்கும் பொங்கலும் கூடவே வரும், மாதக் கடைசியில் எடை பார்த்தால் ஒரு கிலோ கூடியிருக்கிறது.

கயலின் கட்டிலருகே தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், திட்டுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள், எனக்கு ஈரல் தர்றேன்னுட்டு அதுல பொங்கலை அடைச்சு வச்சிருக்கியேண்ணே, பிறகு என் விரலைப் பிடித்தாள், பயமா இருக்குண்ணே, எம்பிள்ளைக்கு ஏழு வயசுதான் ஆகுது, நீ எனக்காக உருக வேணாம், அழ வேணாம், தினம் அஞ்சரைக்குப் போன் பண்றேன், பிடிச்சாலும் பிடிக்காட்டியும் எந்திரிச்சு நட, அது போதும்.

அதன்பின் நான் மனசிடம் கேட்பதை விட்டுவிட்டேன், கேட்டால் அது படுத்துக்கோ என்றுதான் சொல்லும், மணி அடித்தால் ஷூ, ஷூ போட்டால் மைதானம், திரும்புவது கடை இல்லாத பின்வாசல் வழியாக, கொள்ளும் கீரையும் தின்று நாக்கு செத்துப்போனது, சில நாள் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன், திட்டினாலும் நடந்தேன், கெடு முடிந்தபோது கூடின ஒன்றையும் சேர்த்து ஒன்பது கிலோ இறங்கியிருந்தது, டாக்டர் புது ஸ்கேனைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆபரேஷன் அன்று நடந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, ஆனாலும் ஐந்தரைக்குக் கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கிவிட்டது, முதுகு திறந்த பச்சை அங்கியோடு வராந்தாவில் போகிறேன், வருகிறேன், சார், வந்து படுங்க என்று நர்ஸ் கத்துகிறார், அந்த நேரம் பார்த்துக் கயலைத் தள்ளுகட்டிலில் கொண்டுவருகிறார்கள், தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள், கண்ணில் தண்ணீர், இன்னிக்கு நான் போனே பண்ணலியேண்ணே.

கண்ணு முழிச்சதும் பண்ணு, என்றேன்.

பண்ணினாள்.