கலயத்தில் எஞ்சிய உயிர்

பரளச்சி தொட்டு அருப்புக்கோட்டை ஈறாக மழைமுகம் காணாத கரிசல் வாய்பிளந்து கிடக்க, உடைமரத்து நிழலும் சுருங்கி வேரடியில் ஒடுங்கிய, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் ஆவணி நண்பகல் அது. கல்லூரியில் பயிரியல் பயிற்றும் ஆன்சி, ஆளரவமற்ற ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின்மேல் குனிந்திருந்தாள். அவள் அன்னை சவுந்தரம், மடியில் ஒரு மண்கலயத்தை ஏந்தி அருகே அமர்ந்திருந்தாள். கிணறு வெட்டுகையில் மண் சரிந்து மாண்ட மகன் ரூபன், தன் கையால் அறுத்தடித்த கடைசிச் சோளம் அதில் இருந்தது. வரும் மழைக்கு அதை அவன் நிலத்திலேயே விதைத்துவிட வேண்டும் என்பதொன்றே அத்தாயின் ஆசை. பாவம், அதற்காகவே கலயத்தைத் துணியால் வாய்கட்டிப் பல்லாண்டு காத்து வந்தாள்.

"உசுரு இருக்கா தாயி?" என்று மகளைக் கேட்டாள் சவுந்தரம்.

என்ன சொல்வாள் ஆன்சி? நனைத்து வைத்த மணிகளில் ஒன்றேனும் முளைக்கவில்லை. அத்தனையும் அழுகிப் போயின. அவற்றில் ஒட்டியிருந்த கரிப்பூட்டை நோயின் கரும்பொடியோ, நீர்பட்ட மறுநாளே விழித்துக்கொண்டது. கதிருக்குள் இழையாய் ஓடிய பூஞ்சை, கூழாய்க் குழைந்து, துண்டு துண்டாய்ப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் அக்கூழுக்குள்ளேயே தன்னைச் சுற்றி மதிலெழுப்பி, வெளிமதிலைக் கருக்கி, அதில் நுண்முட்களும் பதித்து, உள்ளே மெல்லிய வழுவழுப்பான மற்றொரு மதிலும் கட்டிக்கொண்டு, உண்ணாமல் பருகாமல் அவ்விருட்டில் இத்தனை காலமும் படுத்திருந்தது என்றால், கற்றறிந்தவரே, உமக்கும் மயிர் கூச்செறியாதோ! இப்போது அம்மதில்கள் பிளந்து, வெளிறிய குழல்கள் நீண்டிருந்தன. இதுபோல் எத்தனையோ கண்டவள்தான். ஆயினும் ஆன்சி குவியத்தைத் திருகி மறுபடியும் பார்த்தாள்.

"சோளத்துக்கு இல்லம்மா. கரிப்பூட்டைக்குத்தான் இருக்கு" என்றாள், மறைக்க மாட்டாமல்.

சவுந்தரம் தானும் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை. அவன் கைபட்டதில் இதுதானே மிச்சம், கல்லறைத் தோட்டத்தில் அவனருகே புதைத்துவிடலாம் என்றாள். இதைப் புதைப்பதும் விதைப்பதும் ஒன்றே, அடுத்திருக்கும் புன்செய்ச் சோளமெல்லாம் கரியாகும், எரித்தே ஆகவேண்டும் என்று மகள் எடுத்துரைத்தாள்.

"நம்ம ஆளுக யாரையும் எரிக்கிறதில்லையே, தாயி."

ஆன்சி கலயத்தின் வாயைத் துணியால் மீண்டும் கட்டி, தாயின் மடியிலேயே வைத்தாள்.

அந்தி சாய்கையில் வீட்டுக் கொல்லையில் சுள்ளியடுக்கித் தீ மூட்டி, தாயே கலயத்தைக் கவிழ்த்தாள். காற்றற்ற அப்பொழுதில் தீ, ஓர் ஆள் குந்தியிருப்பதுபோல் அசையாமல் எரிந்தது. ஒரு செபம் சொல்லென்று தாய் கேட்க, அண்ணனை அடக்கம் செய்த அன்று சொன்ன செபத்தையே ஆன்சி சொன்னாள்; எவர்பொருட்டுச் சொல்கிறோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

தீ அவிந்தபின்னும் தாயின் வலக்கை மூடியே இருந்தது. ஆன்சி அவ்விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கைக் கோடுகளிலெல்லாம் கரும்பொடி. எத்தனை உயிர் அதில் உறங்குகிறதென்று அவளைவிட நன்கறிந்தவர் அவ்வூரில் எவருமில்லை. கழுவிவிடும்மா என்று சொல்ல வாயெடுத்தவள், தாயின் முகத்தைப் பார்த்தாள். பார்த்து, அவ்விரல்களை ஒவ்வொன்றாய் மீண்டும் மூடிவிட்டாள். கற்ற கல்விக்கு அது பிழையென்று அறிந்தே செய்தாள்.

அவ்வாண்டு புரட்டாசியில், ஊரெல்லாம் மகிழ, நல்ல மழை பெய்தது.