மலைநீலமும் புல்நீலமும்

அக்கா வீட்டுக் கொடியில் தன் கணவரின் சட்டை காய்வதைப் பார்த்தபோது, நல்லவேளை, இன்றைக்கு வெயில் இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அதற்கு மேல் ஏதாவது வருகிறதா என்று நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் வீடு மாறிப் பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சில மழைக்காலங்கள் ஆகியிருந்தன.

அவள் வேலை பார்த்தது, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகத்தில். அங்கே மலைநீலம், புல்நீலம் என்று இரண்டு பூக்கள் இருந்தன. ஒன்று உச்சிப் பாறை இடுக்கில் பூப்பது, மற்றது கீழே புல்வெளியில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அதன்பின் ஒன்றுபோலிருக்கும் எதையும் பிரித்துப் பார்க்க வராது. முன்பிருந்த தட்டச்சர் ஓய்வு பெறும்வரை காபியில் உப்புப் போட்டுக் குடித்தார். கணக்கர் ஒருவர் எதிர்வீட்டில் போய்க் கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அந்த வீட்டுக்காரர்களும் நல்ல மனிதர்கள், ஒரு தட்டு கூடுதலாக வைத்தார்கள். ஆகவே காலையில் மலைநீலம், மதியத்துக்கு மேல் புல்நீலம், நடுவில் முகம் கழுவிக்கொள்வது என்று அலுவலகத்தில் வழக்கமாகியிருந்தது. அவளுக்கு மட்டும் அது தேவைப்படவில்லை. காய்ந்தபின் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்தான்; இதழும் இலையும் காட்டிக்கொடுக்காது. தண்டை விளக்கடியில் மெல்ல உருட்ட வேண்டும். மலைநீலத்துக்குச் சுற்றிலும் பூனைமுடி. புல்நீலத்துக்கு எதிரெதிராக இரண்டே வரிசை. மற்றவர்கள் எத்தனை முறை உருட்டியும் அவர்கள் கண்ணில் படாத அந்த வரிசைகள், அவளுக்கு முதல் நாளே தெரிந்தன.

தனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் இரண்டு தாள்களையும் அருகருகே போட்டு வேலை செய்வாள். அங்கேதான் தவறு நடந்தது. ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கணவர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர். ஊரில் பாதிக் கண்கள் அவர் கைபட்டவை. "ரெண்டும் ஒரே பூதானே? இதைப் பார்க்கவா உனக்குச் சம்பளம்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலை நேரே அக்கா வீட்டுப் படியேறினார்.

அக்கா தையல்காரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள். தங்கையின் அதே மூக்கு, அதே நடை. "மாப்பிள்ளை, வீடு மாறி வந்துட்டீங்க" என்றாள். "போதும் உன் விளையாட்டு, பசிக்குது" என்றார் அவர். தங்கை லென்ஸோடு ஓடிவந்து தண்டை உருட்டிக் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்து, "ஒண்ணுதான்" என்றார். முதல் சில மாதம் அக்கா அவருக்குக் கூடத்தில் பாயை விரித்துவிட்டுத் தன் அறையைத் தாழிட்டுக்கொண்டாள். தாழ்ப்பாள் எப்போது துருப்பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

தங்கை அழுதாள், பிறகு தூங்கினாள். கட்டிலின் நடுவில் படுக்கப் பழகினாள். அப்படிப் படுத்திருக்கும்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதிலேயே, அவள் பின்னலை வெட்டிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவளுக்குப் பிடிக்காத பச்சை நிறத்தையே திரும்பத் திரும்ப வாங்கி வந்தார். அது அக்காவுக்குப் பிடித்த நிறம். பூவைப் பார்த்ததால்தான் அவர் கண் கெட்டது என்று ஊர் சொன்னது. அவள் அதை மறுக்கவில்லை, நம்பவுமில்லை.

இந்த ஆண்டு, மழை விட்டதும், காப்பக இயக்குநர் அவள் அறைக்கு வந்தார். பின்னாலேயே அம்மாவும் அக்காவும். விஷயம் சுலபமானது. முன்பு இரண்டு பெரணிச் செடிகளால் இதே தொல்லை இருந்தது; இரண்டும் ஒரே இனம் என்று அறிவித்த மாலையே, அவற்றால் வழிதவறியிருந்த காவலாளி விசில் அடித்துக்கொண்டே சொந்த வீட்டுக்கு நடந்தார். இந்தப் பூக்களையும் ஒன்றாக்கிவிடலாம். அவளைத் தவிர மறுப்பவர் யாருமில்லை.

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்மா" என்றார் இயக்குநர்.

"சொல்லித் தொலையேன்டி! பூவா உனக்குச் சோறு பொங்கிப் போடப்போகுது? மனுஷன் வீட்டுக்கு வரட்டும்" என்றாள் அம்மா.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போயிடு. அவருக்குத் துவைச்சுப் போட்டே என் கை தேஞ்சுபோச்சு" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. தங்கையின் குரல் எப்போதும் கடைசியில்தான் உடையும்.

அவள் இரண்டு தண்டுகளையும் விளக்கடியில் வைத்து உருட்டினாள். சரி என்றால் இன்று மாலையே அவர் வருவார். வந்து, இரண்டும் ஒன்றுதான் என்று நான் அப்போதே சொன்னேனே என்பார். அவர் சொன்னது நியாயமாகவும் ஆகிவிடும். ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி இருந்த இத்தனை காலத்தில் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை என்றாகிவிடும். அவளுக்குக் கோபமில்லை. முடிகள் விளக்கொளியில் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

"இல்ல சார்" என்றாள் மெதுவாக. "இது வேற, அது வேற."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள்.