ஏழாவது ஷரத்து

சரித்திர டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஒரு விளையாட்டு வைப்பாள். ஜெயித்த நாடு ஒரு பக்கம், தோற்ற நாடு ஒரு பக்கம். மணி அடிப்பதற்குள் சமாதான ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கும்போது டீச்சர் வாயே திறக்கக்கூடாது. விதி அவளே போட்டது. அதற்காகத் தன்னையே எத்தனை தடவை நொந்துகொண்டிருப்பாளோ!

அவள் எழுதிக் கொடுக்கும் வரைவில் ஏழாவது ஷரத்துதான் அவளுக்கு உயிர். போரில் காணாமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று இரண்டு நாடும் சொல்லியாக வேண்டும் என்பது அது. அவள் தம்பி காணாமல் போன நிஜப் போர் முடிந்தபோது பெரிய மனிதர்கள் கூடி அதை ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிட்டார்கள். அதோடு அவனைப் பற்றிக் கேட்க நாதியில்லாமல் போனது. ஒரே ஒரு வகுப்பாவது, விளையாட்டுக்காவது, அதை விட்டுக்கொடுக்காமல் இருக்காதா என்று ஏங்கினாள். இதுவரை ஒரு வகுப்பும் இருந்ததில்லை.

இந்த வருஷம் தோற்ற நாட்டுக்குத் தலைவன் வக்கீல். பட்டப்பெயர்தான்; எதற்கெடுத்தாலும் வாதாடுவான். துறைமுகம் வேண்டுமா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதை? அதுவும் உங்களுக்கே. ஏழாவது மட்டும் இருக்கட்டும் என்று மல்லுக்கு நின்றான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர், விடாதேடா கண்ணா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் எதிர்ப்பக்கத்துப் பெண் ஒரு போடு போட்டாள்.

"ஏழாவது வேணும்னா ஆத்துத் தண்ணி கிடையாது."

வக்கீல் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். தண்ணியை வாங்குடா என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். பேனாவை எடுத்து ஏழாவதை அடித்தான். வகுப்பே கைதட்டியது.

எல்லாரும் போன பிறகு அவன் மட்டும் மேஜையருகே நின்றான். டீச்சரின் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். தான் செய்தது தப்பா என்று கேட்டான்.

"காணாமப் போனவங்க யாருன்னே தெரியாதே டீச்சர். தண்ணி எல்லாருக்கும் வேணுமே."

"ஒருத்தனை எனக்குத் தெரியும்," என்றாள். "என் தம்பி."

பையனுக்கு முகம் சுண்டிப்போனது. அவசரமாகப் பேனாவைத் திறந்தான்.

"திருப்பி எழுதிடறேன் டீச்சர்."

"தண்ணிக்கு என்னடா பண்ணுவே?"

திறந்த பேனாவை வக்கீல் மூடிவிட்டான். அவளுக்கு மட்டும் பதில் தெரியுமா என்ன? நிஜ ஒப்பந்தத்திலும் அந்த ஆற்றுத் தண்ணீருக்காகத்தான் ஏழாவதை அடித்தார்கள். முழு மதிப்பெண் போட்டு அவனை அனுப்பிவைத்தாள்.

வராந்தாக் குழாயைத் திறந்து சாக்பீஸ் படிந்த கையை நீட்டினாள். அதே ஆற்றுத் தண்ணீர் கொட்டியது. அழுத முகத்தையும் அதில்தான் கழுவ வேண்டியிருந்தது.