குடை இல்லாத செவ்வாய்க்கிழமை

1.

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. மலேசியாவில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடிகளில், மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் மருத்துவச் செலவைக் கேட்டு எழுதும் வேலை எனக்குச் சில வாரங்கள் கிடைத்தது. பதினான்காம் கேள்வி: ‘கடைசியாக மருத்துவமனைக்குப் போனபோது எவ்வளவு கட்டினீர்கள்?’

லோகேஸ்வரி அக்காவுக்கு வயது அறுபத்தெட்டு. “அஞ்சு வெள்ளி” என்றார்.

சமையலறையிலிருந்து அவர் கணவர் பக்கிரிசாமி குரல் கொடுத்தார். “ஊசிய யாரு சொல்றது?”

“அது வேற. நீங்க சும்மா இருங்க லா.”

நான் ஐந்து ரிங்கிட் என்று எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஊசி என்னை விடவில்லை.

2.

முதல் தொடக்கம்: ‘லோகேஸ்வரியின் முழங்காலுக்கு மழை வருவது முன்பே தெரிந்து’ [அடித்துவிட்டேன். முழங்கால் என்று எழுதினாலே மழை வந்துவிடுகிறது.]

இரண்டாவது: ‘முதியோரின் மருத்துவச் செலவில் கண்ணுக்குத் தெரியாத பகுதி’ [இது அறிக்கை. அதற்கு வேறு ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.]

மூன்றாவது: ‘அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லோகேஸ்வரி குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.’

இது நிற்கும்.

3.

மற்ற நாட்களில் குடை இல்லாமல் அவர் கதவைத் தாண்டுவதில்லை. கைத்தடி ஊன்றினால் கிழவி என்பார்கள். குடை ஊன்றினால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் வீடு ஐந்தாம் மாடியில். லிஃப்ட் நிற்பது நான்கிலும் ஏழிலும். இடையிலுள்ள அந்த ஒரு மாடியை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாக இறங்குவார்.

மருத்துவமனை நாள் வேறு மாதிரி. முதலில், சுவரைப் பிடித்தபடியே, அடுக்குமாடிக்குக் கீழே கடை வரிசையில் இருக்கும் தனியார் கிளினிக். இடுப்பில் வலி தெரியாமலிருக்க ஓர் ஊசி, அறுபது வெள்ளி. பிறகு கிராப் வாடகை வண்டி. அரசு மருத்துவமனையின் நீண்ட நடைபாதைக்கு வரும்போது கால் அவர் சொன்னபடி கேட்கும். கஞ்சி போட்ட சேலை கலையாமல், குடையும் இல்லாமல், யார் தோளையும் பிடிக்காமல் நடப்பார். மாலை வரை தாங்கும்.

4.

“ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு, மாக்சிக்?” டாக்டர் ஷாஹிரா மலாயில் கேட்டார். மாக்சிக் என்றால் அத்தை, பெரியம்மா.

லோகேஸ்வரி அந்த நிமிடத்து வலியைச் சொன்னார். மூன்று.

டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். நடந்தார்.

“பாகூஸ், மாக்சிக்!” என்று டாக்டர் பாராட்டினார். எக்ஸ்ரேயில் எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்தது. ஆளோ நன்றாக நடக்கிறார். மாத்திரை, உடற்பயிற்சி, எட்டு மாதம் கழித்து வரவும். அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் பெயர் ஏறவில்லை. இரண்டு முறை இப்படியே ஆகிவிட்டது.

[டாக்டரைச் சிடுசிடுப்பானவராக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் தனக்குச் சொல்லப்பட்டதைக் குறித்துக்கொண்டார். படிவத்தில் நான் செய்ததும் அதுதான்.]

5.

இதுவரை எழுதியதை அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டினேன். பக்கிரிசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“நான் படிச்சிப் படிச்சிச் சொன்னேன் தம்பி. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நடந்து போனா எவன் ஆப்பரேஷன் பண்ணுவான்?”

“ஊசி போடாம அவ்ளோ தூரம் எப்படி நடக்கறது? நீங்க தூக்கிட்டுப் போவீங்களா?”

“வீல்சேர் கேளு லா.”

“வீல்சேர்ல போறத அந்தப் பக்கத்து வீட்டுக் காமினி பாத்தா போதும், சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பால் ஊத்திருவா.”

பொருத்தவேண்டிய செயற்கை மூட்டின் விலையை நோயாளியே தர வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். மகன் குணாளன் அதற்குப் பணம் எடுத்துவைத்திருக்கிறான். அவனுடைய தொழிற்சாலை ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. அதன்பின் அந்தப் பணம் அப்படியே இருக்குமா என்பது அவனுக்கே தெரியாது. இந்த முறையும் பெயர் ஏறாவிட்டால் அடுத்த சந்திப்பு மறு ஆண்டுதான்.

சிரிப்பு அடங்கியபின் லோகேஸ்வரி அக்கா கேட்டார்: “உங்க கதைல இந்தத் தடவ நான் ஊசி போடறேனா?”

“இன்னும் எழுதலக்கா.”

“எழுதிட்டுச் சொல்லுங்க. பாத்துக்கலாம்.”

6.

முடிவு அ: ஊசி இல்லை. பக்கிரிசாமி சக்கர நாற்காலியைத் தள்ளுகிறார். லோகேஸ்வரி “ஒன்பது” என்கிறார். பட்டியலில் பெயர். [வாசகர் மகிழ்வார். ஆனால் நாற்காலியில் உட்காரும் அந்த நொடியை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அவர் எழுந்துவிட்டார்.]

முடிவு ஆ: ஊசி, சேலை, மூன்று. பிறகு வீட்டுப் படியில் அவர் [வேண்டாம்.]

டாக்டருடன் சந்திப்பு நாளை. நான் இன்னும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. கதைக்காக ஒருவருடைய காலைப் பணயம் வைக்க எனக்குத் துணிவில்லை, ஆகவே டாக்டர் நாற்காலியை உங்களிடம் விடுகிறேன். வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம். வரிசை எண்ணைக் கூப்பிடுகிறார்கள். கதவு திறக்கிறது.

வலி எவ்வளவு என்று உடனே கேட்காதீர்கள். கையில் குடை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், இங்கே வருவதற்கு முன் காலையில் எங்கே போனீர்கள் என்று கேளுங்கள்.