காற்றடிக்கும் நாளில் சோளத்துக்குள்

“அப்பாவோட துப்பாக்கியக் குடுங்க சித்தப்பா.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஜெனல் கேட்டேவிட்டாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றே துப்பாக்கியைக் கொண்டுவந்து தன் கொட்டகைச் சுவரில் மாட்டியவர் டுவேன் சித்தப்பா. மான் வேட்டைக்கு வந்த ஆட்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. விஸ்கான்சினின் நவம்பர் காற்று தகரக் கூரையை உலுக்கியது.

“இந்தக் காத்துல எந்த மான் வெளிய வரும்டி? காலேஜ்ல இதான் படிச்சியா?”

“வெளிய வராது. மக்காச்சோளத்துக்குள்ள படுத்திருக்கும். நாளைக்கு அறுவடை மிஷின் வந்துடும்.”

“அப்ப வழக்கம்போல நீ உள்ள போயி விரட்டு. நாங்க வரப்புல நின்னு சுடறோம்.”

பன்னிரண்டு வருடம் கத்திக்கொண்டே விரட்டியிருக்கிறாள். அப்பாவோடு போனால்தான் வேறு மாதிரி. மான் மோப்பம் பிடிக்காமலிருக்க, காற்று முகத்தில் படும்படி, சோள வரிசைகளுக்குக் குறுக்கே நடப்பார்கள். இலைகள் சலசலக்கும்போது ஓரடி. காற்று நின்றால் தூக்கிய கால் அப்படியே நிற்கும். ஒவ்வொரு வரிசையிலும் தலையை மட்டும் நீட்டி, இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். ஒருமுறை பத்தடியில் ஒரு பெண்மான் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா சுடவில்லை. அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெனல் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள்.

“ஏய், யாரக் கேட்டு எடுக்கற?”

“கேட்டாச்சு. நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் சோளத்துப் பக்கம் வராதீங்க.”

முகத்தில் காற்று பட வேண்டுமானால் கிழக்கு வேலியைச் சுற்றித்தான் நுழைய வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கமே நடந்தாள்.