அறுபத்து மூன்றாம் பக்கத்து அம்பு

பக்கத்தை விட்டு எதுவும் வெளியே ஓடக் கூடாது. அது அவருடைய கொள்கை.

படத்தில் இருக்கும் முகம் பக்கத்தின் உள்ளே பார்க்க வேண்டும். குதிரை ஓடினால் உள்ளே ஓட வேண்டும். யாராவது கையை நீட்டினால் உள்ளே நீட்ட வேண்டும். வெளியே நீட்டினால், படிப்பவரின் கண் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை விட்டே போய்விடும். போன கண் திரும்பி வரும் என்று யார் உத்தரவாதம் தருவது?

அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பக்கம் வடிவமைக்கிறார். இந்தக் கொள்கைக்காகப் படத்தைத் திருப்பிப் போட்டு ஒரு கிடார் கலைஞரை இடக்கைக்காரர் ஆக்கியிருக்கிறார். ஒரு பல் மருத்துவரின் மச்சத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றியிருக்கிறார். மருத்துவரின் அம்மாவே நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். கொள்கை அசையவில்லை.

நாள் முழுக்க மார்ஜின், மார்ஜின் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

மார்ஜினின் மனைவி பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் டீச்சர். ஆறு வருடமாக வகுப்புக்கு எழுதிய குறிப்புகளைச் சேர்த்து ஒரு புத்தகமாக்கியிருந்தார். விசை, இயக்கம், திசையன்கள், நிலைமின்னியல். நூற்று முப்பது படங்கள். பக்கம் வடிவமைத்தவர் மார்ஜின். அச்சடிப்பது அவருடைய அச்சகம். பள்ளி அதைப் பாடத்துணையாக எடுத்துக்கொள்ளுமா என்பது ஒரே ஒருவர் கையில் இருந்தது. மூத்த இயற்பியல் ஆசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சிவப்பு மை.

"ஒரு தப்பு இருந்தாலும் அலமாரிதான்மா," என்று சிவப்பு மை டீச்சரிடம் சொல்லியிருந்தார். "தப்பான புத்தகத்த பசங்க கையில குடுக்க மாட்டேன். என் புத்தகமா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

அவர் எந்தப் புத்தகமும் எழுதியதில்லை. அதனால் அந்தச் சபதத்தைக் காப்பாற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

டீச்சர் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தார். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு, "இனி ஒரு புள்ளியக்கூடத் தொடாதீங்க," என்று கணவரிடம் கொடுத்தார்.

அவர் புள்ளியைத் தொடவில்லை.

*

சனிக்கிழமை காலை. படுக்கையறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வீட்டு நடையில் கிடந்த பீரோவை மறுபடி உள்ளே தள்ள வேண்டும். மார்ஜின் தோளைக் கொடுத்தார். பீரோ நகரவில்லை. டீச்சர் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"ஏங்க, அதுகிட்ட ஏதாவது கோபமா? கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

"தள்றேன்."

"தள்றது நீங்க. தள்ளப்படறதும் நீங்க. அது நிம்மதியா நிக்குது."

"வந்து ஒரு கை குடேன்."

டீச்சர் வந்தார். இரண்டு பேர் தள்ளியதில் பீரோ ஒரு முழம் நகர்ந்தது. தரை கிறீச்சிட்டது. மார்ஜினுக்கு மூச்சு வாங்கியது.

"இந்த உராய்வு மட்டும் இல்லேன்னா..." என்றார்.

"இல்லேன்னா நீங்க நிக்கறதுக்கே தரையில பிடிப்பு இருக்காது. வழுக்கி விழுந்திருப்பீங்க. அதை ஏன் திட்றீங்க? அது அது வேலையச் செய்யுது. பீரோ இந்தப் பக்கம் சறுக்கினா அது அந்தப் பக்கம் இழுக்கும்."

"எப்பவுமா?"

"சறுக்கற பொருள எப்பவும் எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். நீங்க தள்ற பக்கமே அதுவும் தள்ளுச்சுன்னு வச்சுக்குங்க, பீரோ சுவத்த உடைச்சுக்கிட்டுத் தெருவுக்குப் போயிடும். பின்னாடியே நீங்களும் போவீங்க."

டீச்சர் சிரித்தார். மார்ஜின் சிரிக்கவில்லை. பீரோவின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றார்.

அவர் கண்ணில் அறுபத்து மூன்றாம் பக்கம் தெரிந்தது. வலதுபக்கத் தாள். ஒரு சாய்தளம். அதில் இடதுபுறமாகக் கீழே சறுக்கும் ஒரு மரக்கட்டை. கட்டையிலிருந்து மேலே வலதுபுறமாக ஒரு அம்பு, உராய்வு விசை என்ற எழுத்தோடு. அம்பின் முனை நேராக ஓரத்தைக் குத்திக்கொண்டு பக்கத்தை விட்டு வெளியே போனது.

முதலில் அப்படித்தான் போயிருந்தது. அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன் கடைசியாக ஒரு பார்வை பார்த்தபோது அவர் அதை உள்பக்கமாகத் திருப்பிவிட்டார். இயக்கத்தின் அம்பும் உராய்வின் அம்பும் ஜோடியாக, ஒரே சாய்வில், இரண்டு மீன் போல நீந்தின. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"என்ன ஆச்சு? முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல. அச்சகத்துல ஒரு வேலை. மறந்துட்டேன்."

"பீரோ?"

"வந்து தள்றேன்."

பீரோ நடையில் குறுக்காக நின்றது. மார்ஜின் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து வெளியேறினார்.

*

அச்சகத்தில் மெஷின்காரர் ஈரச் சாக்குகளைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார். காற்று காய்ந்து கிடந்த நாட்கள். வழவழப்பான தாள். மெஷினில் ஓடி ஓடி மின்னூட்டம் ஏறி, ஒரு தாளோடு இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாகப் போய் மெஷினை நிறுத்தின. மின்னூட்டம் இறங்கட்டும் என்று, தாள் வந்து விழும் இடத்துக்கு மேல் ஒரு ஜிகினாச் சரத்தைக் குறுக்கே கட்டி, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்து மெஷினின் இரும்புக் காலில் சுற்றியிருந்தார்.

"வாங்க மார்ஜின் சார். உங்க வீட்டம்மா கடைசி அத்தியாயத்துல என்ன எழுதியிருக்காங்களோ, எல்லாம் என் கையில அடிக்குது. கதவத் தொட்டா சுளீர்னு ஒண்ணு. டீ வாங்கினா டம்ளர்ல ஒண்ணு."

"எத்தன ஃபாரம் ஓடிச்சு?"

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். புத்தகத்தில் எட்டு ஃபாரம்.

"ஏழு முடிஞ்சுது. எட்டாவது இந்த ஒட்டுற பிரச்சினையால நேத்து ஏறல. திங்கக்கெழம ஏத்திடறேன்."

அறுபத்து மூன்றாம் பக்கம் நாலாவது ஃபாரம். மார்ஜின் அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினார். இரண்டு மீன்களும் இருந்தன. ஆயிரத்து ஐந்நூறு தாளிலும் இருந்தன.

"இந்த ஃபாரத்த மட்டும் மறுபடி அடிக்கலாமா?"

"காத்துலயா அடிப்பேன்? தாள் கணக்கா எட்டு ஃபாரத்துக்குத்தான் வந்துது. இந்த ரகம் மறுபடி வர பத்து நாளாகும்."

பள்ளி திறக்க ஆறு நாள்தான் இருந்தது.

மெஷின்காரர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன சார் தப்பு? நல்லாத்தான இருக்கு?"

"அம்பு மாறிப்போச்சு."

"அம்புதான? அது எந்தப் பக்கம் போனா என்ன, யாரு மேல குத்தப் போகுது?"

"என் மேல," என்றார் மார்ஜின்.

தன் மேஜைக்குப் போனார். வெள்ளை ஸ்டிக்கர் தாளில் சரியான அம்பை அச்சிட்டு வெட்டி, தப்பான அம்பின் மேல் ஒட்டிவிடலாம். ஆயிரத்து ஐந்நூறு அம்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தால் முடியும். மனைவிக்குத் தெரிய வேண்டியதில்லை. சிவப்பு மைக்கும் தெரிய வேண்டியதில்லை. முதலில் இருபது அம்பு வெட்டினார். ஒன்றின் பின்பக்கத் தோலை உரித்தார்.

அம்பு விரலில் ஒட்டிக்கொண்டது. மற்ற கையால் எடுத்தார். அந்தக் கைக்குப் போனது. தாளின் அருகே கொண்டுபோனால் தானே துள்ளி, கோணலாக விழுந்து, கட்டையின் வயிற்றில் குத்தியது. உரித்துப் போட்ட தோல் சட்டைக் கைக்கு ஏறியது. இரண்டாவது அம்பு மணிக்கட்டுக்குப் போனது. மூன்றாவதை எங்கே வைத்தார் என்றே தெரியவில்லை.

ஒரு மணி நேரம் போனது. மேஜையில் ஆறு தாள் பாழாகியிருந்தது. ஒன்றில் உராய்வு விசை நேராக வானத்தை நோக்கிப் போனது. பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மெஷின்காரர் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "சார், அம்புப் படுக்கையா?"

மார்ஜின் வீட்டுக்குக் கிளம்பினார்.

*

டீச்சர் கதவைத் திறந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். சட்டைக் காலரில் ஒரு சின்னக் கறுப்பு அம்பு, காதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதில் எழுத்தும் இருந்தது. கிட்டே வந்து படித்தார்.

"உராய்வு விசை," என்றார். "காலையில பீரோகிட்ட பட்டது இன்னும் விடலையா?"

டீச்சர் அம்பைப் பிய்த்தெடுத்தார். அது அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தபடியே, குரலை இறக்கிக் கேட்டார்:

"எந்தப் பக்கம்?"

"அறுபத்து மூணு."

"என்ன பண்ணினீங்க?"

சொன்னார். ஓரம், அம்பின் முனை, படிப்பவரின் கண், இரண்டு மீன். சொல்லச் சொல்ல அவருக்கே அது சின்னதாகிக்கொண்டு வந்தது.

டீச்சர் சமையலறைக்குப் போனார். கோபத்தோடு விருட்டென்று போக வேண்டிய இடம். குறுக்கே பீரோ நின்றதால் பக்கவாட்டில் ஒடுங்கி நுழைய வேண்டியிருந்தது. கோபத்துக்கு அது பொருத்தமாக இல்லை. உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. நிற்கும் சத்தம் கேட்டது.

மார்ஜின் பீரோவின் இந்தப் பக்கம் நின்றார்.

"மூணு தடவ பாத்தேன்," என்றது சமையலறை. "நூத்து முப்பது படம். ஒவ்வொரு அம்பையும் ஸ்கேல் வச்சுப் பாத்தேன். ஒரு புள்ளியக்கூடத் தொடாதீங்கன்னு சொன்னேன்."

"புள்ளியத் தொடல."

சொல்லியிருக்கக் கூடாது. உள்ளே ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

"ஆறு வருஷம்," என்றார் டீச்சர். "அவர் முதல்ல திருப்பப்போற பக்கமே அதுதான். உராய்வுன்னா அவருக்கு உயிர்."

மார்ஜின் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெகு நேரம் கழித்துச் சமையலறை கேட்டது: "கடைசி ஃபாரம் ஓடிடுச்சா?"

"இல்ல. தாள் ஒட்டிக்குது. திங்கக்கெழமதான்."

"பயிற்சியெல்லாம் அதுலதான இருக்கு?"

"ஆமா."

"நாப்பதாவது கேள்விக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டிருந்தீங்க. என்னமோ சொன்னீங்களே. மூச்சு விட இடம்."

"வெள்ளை இடம் வேணும். இல்லேன்னா பக்கம் திணறும்."

"இனி அது மூச்சு விட வேண்டாம்," என்றார் டீச்சர். "ஒரு பேனாவ இந்தப் பக்கம் நீட்டுங்க."

*

பள்ளி திறந்த அன்று மார்ஜின் கட்டுகளை வேனிலிருந்து இறக்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தார். இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சிவப்பு மை ஒரு பிரதியை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். உராய்வு அத்தியாயத்துக்கு நேராகப் போனார். அறுபத்து இரண்டு. அறுபத்து மூன்று. பேனா இறங்கியது. ஒரு வட்டம் போட்டது.

"டீச்சர்," என்றார் மென்மையாக. "மாட்டினீங்க."

"நூத்து இருபத்தேழாம் பக்கம் பாருங்க சார். நாப்பத்தொண்ணாவது கேள்வி."

சிவப்பு மை திருப்பினார். சத்தமாகவே படித்தார்:

"பக்கம் அறுபத்து மூன்றில் உள்ள படத்தில் ஓர் அம்பு தவறான திசையில் வரையப்பட்டுள்ளது. அ: அது எது? ஆ: அம்பு அத்திசையில் இருந்தால் கட்டை எவ்வாறு இயங்கும்? இ: அழகுக்காக அவ்வாறு வரைந்ததாக வரைந்தவர் கூறினால், அதை ஏற்க இயலுமா? காரணம் கூறுக."

மறுபடி வாயை மூடிக்கொண்டு ஒருமுறை படித்தார்.

"வேணும்னே தப்பா போட்டு பசங்களப் பிடிக்கறீங்க. கெட்டிக்காரத்தனம்தான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மார்ஜின் ஸ்டூலின் நுனிக்கு வந்தார்.

"இல்ல சார்," என்றார் டீச்சர். "நிஜமாவே தப்பாத்தான் அச்சாச்சு. மறுபடி அடிக்கத் தாள் இல்ல. அதனால கேள்வியாக்கிட்டேன். அலமாரின்னா அலமாரி. நீங்க முடிவு பண்ணுங்க."

சிவப்பு மை பேனாவை மூடினார். திறந்தார்.

"இப்படி வரைஞ்சது யாரு?"

டீச்சர் மூலையைப் பார்த்தார். "கட்டு இறக்கினவர்தான்."

சிவப்பு மை கண்ணாடியை இறக்கி ஸ்டூலைப் பார்த்தார். "சார், எதுக்கு இப்படி?"

மார்ஜின் எழுந்தார். பதினோராம் வகுப்பில் எழுந்தது போலவே இருந்தது. "அம்பு வெளிய போச்சு சார். படிக்கறவங்க கண்ணும் அதோட வெளிய போயிடும். அதனால உள்பக்கம் திருப்பினேன்."

சிவப்பு மை அறுபத்து மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பினார். தன் வட்டத்தைப் பார்த்தார்.

"என் கண்ணு வெளிய போகலதான்," என்று ஒப்புக்கொண்டார். "இங்கயே நின்னுடுச்சு."

பிறகு நூற்று இருபத்தேழாம் பக்கத்தில், கேள்விக்குப் பக்கத்து ஓரத்தில், பரீட்சை எழுதுவது போலக் குனிந்து, விடைகளை எழுதினார். மார்ஜின் எட்டிப் பார்த்தார். அ-வுக்கும் ஆ-வுக்கும் விடை நீளமாக இருந்தது. இ-க்கு இரண்டே வார்த்தை: ஏற்க இயலாது. அதன் கீழ் இரண்டு கோடு. ஓரம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. மார்ஜினுக்கு வலித்தது. சும்மா இருந்தார்.

"எல்லாப் பிரதியும் வேணும்," என்றார் சிவப்பு மை. "இந்தப் பிரதி எனக்கு. பரீட்சைக்கும் இதே கேள்விதான். யாருக்கும் சொல்லாதீங்க."

*

பீரோ இன்னும் நடையில்தான் நின்றது. ஒரு வாரமாக இருவரும் ஒடுங்கி ஒடுங்கி நுழைந்து பழகியிருந்தார்கள். மார்ஜின் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். தோளைக் கொடுத்தார். டீச்சர் பக்கத்தில் வந்து தன் தோளையும் கொடுத்தார்.

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்," என்றார் மார்ஜின்.

"இத மட்டும் சரியாச் சொல்லிடுவீங்க."

இருவரும் உள்பக்கம் தள்ளினார்கள். உராய்வு வெளிப்பக்கம் இழுத்தது. பீரோ கிறீச்சென்று ஒரு முழம் போனது.