மூன்றாம் குழாய்

“நஸீம், நான் புஷ்பம் கதைக்கிறன். வந்திட்டுது.”

“என்ன மிஸ் வந்திட்டு? சம்பளமா?”

“சங்கிலி. மூண்டாம் குழாயிலை. நல்ல நீளம்.”

இரசாயனத் துறைத் தலைவர் நஸீம் மறுமுனையில், “அல்ஹம்துலில்லாஹ்! வெள்ளிக்கிழமை மண்டபத்த உங்கட பேச்சுக்கே எழுதிடுறன். எல்லாரையும் கூப்பிடுவம்” என்றார்.

ரிசீவரை வைத்த பிறகுதான், இந்தச் செய்தியைச் சொல்ல நஸீமைத் தவிர வேறு ஆளில்லை என்பது புஷ்பத்துக்கு உறைத்தது. அம்பிட்டியவில் அவள் இருந்த அறைக்குத் தொலைபேசி இல்லை. இருந்தாலும் எடுக்க அங்கே யாருமில்லை.

இருபத்திரண்டு வருடமாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. உயிரென்று எதுவுமே இல்லாத பூமியில், காய்ந்து நனைந்து காய்ந்த குட்டைகளில், ஆர்.என்.ஏ. தானாகச் சங்கிலியாய்க் கோர்த்துக்கொண்டிருக்குமா? செய்தியையும் சுமந்து வேலையையும் செய்கிற மூலக்கூறு அது. உயிர் தொடங்கியது அதிலிருந்துதான் என்று அவள் நம்பினாள். சின்னச் சின்னத் துண்டுகளைக் களிமண்ணோடு குழாயில் இட்டு, சூட்டுத் தட்டில் காயவைப்பாள். காலையில் ஒரு சொட்டுச் சுத்த நீர். மறுபடி சூடு. அறுபது நாள். ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று கண்ணிகளோடு நின்றுவிடும். “புஷ்பம் மிஸ்ஸின்ர களிமண் கறி இன்னும் வேகேல்லையோ?” என்று தேநீர் அறையில் கேட்பார்கள். அவளும் சிரிப்பாள். நவம்பர் முப்பதோடு ஓய்வு. அவளுடைய ஆய்வறையை வேறொருவருக்கு ஒதுக்கியாயிற்று.

இது கடைசித் தொகுதி. குழாயில் உள்ளதை ஒரு சொட்டு எடுத்து ஜெல் தகட்டில் ஓடவிட்டால், நீளச் சங்கிலி ஒளிக்கோடாகத் தெரியும். புற ஊதாக்கதிர் விளக்கின் கீழ் ஒன்றாம் குழாயின் தடமும் இரண்டாம் குழாயின் தடமும் வெறுமை. மூன்றாவதில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒளிக்கோடுகள். அவள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

“மிஸ், உள்ள வரலாமுங்களா?”

ஆய்வுகூட உதவியாளர் இருளப்பன். பன்வில தேயிலைத் தோட்டத்து ஆள். சரஸ்வதி பூசை முடிந்து நாலு நாள் லீவில் போய், இன்றுதான் திரும்பியிருந்தார். கையில் அவல் பொட்டலம்.

“வாங்கோ, வாங்கோ. இதைப் பாருங்கோ இருளப்பன்! நான் காய்ச்சலாக் கிடந்த ரெண்டு நாளும் நீங்கள் தண்ணி விட்டிராட்டில் இது இல்லை.”

இருளப்பன் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நம்ம மூணாம் நம்பரா? எனக்குத் தெரியும் மிஸ். அம்மன் கைவிட மாட்டா.”

“அம்மனோ?”

“பூசை அன்னிக்குச் சாமானுக்கெல்லாம் சந்தனம் வச்சேன்ல, தராசு, மைக்கிராஸ்கோப்பு எல்லாத்துக்கும். இந்தக் குழாய்க்கு மட்டும் எப்படி வைக்காம விடுறது? நீங்க தினமும் இதத்தான் தூக்கித் தூக்கிப் பாப்பீங்க. வெளியில பூசினா நம்பர் அழிஞ்சிரும். அதான் தோட்டத்துக் கோயில் கும்பத் தண்ணி, போத்தல்ல கொண்டாந்திருந்தேன். ஒரே சொட்டு.”

“குழாய்க்கு உள்ளுக்கையோ?”

“உள்ளதான். உறை போட்டுக்கிட்டுத்தான் விட்டேன் மிஸ்! நீங்க சொன்ன மாதிரியே. வெறுங்கை படவே இல்ல.”

புஷ்பம் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது நாள் மாவிலையும் தேங்காயும் ஊறிய தண்ணீர். ஒரு சொட்டில் இலட்சக்கணக்கான நுண்ணுயிர்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் நீளநீளமான ஆர்.என்.ஏ.

“ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“இல்லீங்க. சாமி காரியத்தச் சொல்லிக்கிட்டுத் திரியலாமா?”

அப்படியானால் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மண்டபம் நிறையும். தேநீர் அறை வாய்மூடும். வேறு ஆய்வுகூடத்தில் யாரும் திருப்பிச் செய்து பார்ப்பதற்குள் அவள் ஓய்வு பெற்றுப் போயிருப்பாள். புஷ்பம் அந்த ஒளிக்கோடுகளை இன்னொரு முறை, ஆசைதீரப் பார்த்தாள். பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

“நஸீம், மண்டபம் வேண்டாம். குழாயிலை அழுக்குப் பட்டுட்டுது.”

“என்ன மிஸ் சொல்றீங்க? எப்பிடிப் பட்டது?”

இருளப்பன் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

“என்ர குழாய். நான்தான் கவனிச்சிருக்க வேணும்.”

“எழுதி வச்ச நோட்டிஸ இன்னும் ஒட்டல்ல. கிழிச்சிடுறன். ஒருத்தருக்கும் தெரிய வராது மிஸ்” என்றார் நஸீம், ஆறுதலாக.

“ஓம்” என்றாள் அவள். “ஒருத்தருக்கும் தெரியாது.”

ரிசீவரை வைத்ததும் இருளப்பன், “கெட்டுப் போச்சுங்களா மிஸ்? என்னாலயா?” என்றார்.

“கும்பத் தண்ணியிலை உயிர் ஏற்கெனவே இருந்தது, இருளப்பன். அது இல்லாத இடத்திலை வருதோ எண்டுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தனான்.”

“நல்லது வரணும்னுதான்…”

“தெரியும். இந்தக் கட்டிடத்திலை அப்பிடி நினைச்சது நீங்கள் ஒராள்தான்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புஷ்பம் எழுந்து புதுக் குழாய்கள் மூன்றை எடுத்தாள். களிமண், துண்டுகள், சொட்டு நீர். கை பழக்கத்தில் ஓடியது.

“இன்னிக்கே ஆரம்பிக்கிறீங்களா? அறுபது நாள் ஆகுமே மிஸ். நவம்பர் முப்பதுக்கு முப்பத்தாறு நாள்தான கெடக்கு?”

“ஓம்.”

“அப்ப அறுபதாம் நாளு இத யாரு பாப்பா?”

“இந்த அறைக்கு வாற ஆள் கழுவிப் போட்டிடுவார்.”

“தெரிஞ்சுமா வைக்கிறீங்க?”

புஷ்பம் குழாய்களைச் சூட்டுத் தட்டில் வரிசையாக நிறுத்தி, மின் ஆளியைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கொப்பியைத் திறந்து ‘நாள் 1’ என்று எழுதித் திகதியிட்டாள்.